கூண்டு கார்டு வாங்கிய நாள்

கலவை மெஷினை விற்றாகிவிட்டது என்று என் பொண்டாட்டி சொன்னபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலை முழுக்க சோப்பு நுரை. கண்ணைத் திறக்க முடியாது, கத்தினால் வாய்க்குள் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் கதவுக்கு வெளியே நின்று சொல்வாள்.

"எந்த மெஷின்?" என்றேன், ஏதோ நம்மிடம் நாலைந்து இருப்பது போல.

"நம்ம மெஷின்தான். தம்பி டெஸ்டுக்குப் பணம் கட்டியாச்சு. அவனுக்கு ஷூ வாங்கியாச்சு. மிச்சத்துல உங்களுக்கு ஒரு தொப்பி."

"எனக்கெதுக்குடி தொப்பி?"

"நீங்கதானே பை தூக்கப் போறீங்க. வெளியாள வச்சா கூலி கேப்பான்."

நான் கட்டட வேலை செய்கிறவன். சிமெண்டும் மணலும் ஜல்லியும் மண்வெட்டியால் புரட்டிப் புரட்டியே என் இடுப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அந்த மெஷின் வந்த பிறகுதான் நான் நேராக நின்று டீ குடித்தேன். இப்போது அது போய்விட்டது. எதற்காக? ஒரு வெள்ளைப் பந்தை ஒரு குழிக்குள் தள்ளுவதற்காக.

தள்ளப்போகிறவன் அவள் தம்பி. ஊரில் எல்லாரும் அவனைக் கூண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கோல்ஃப் கிளப்பில் பயிற்சி மைதானம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய மனுஷர்கள் வரிசையாக நின்று நூற்றுக்கணக்கில் பந்தை அடித்துத் தள்ளுவார்கள். அடித்த பந்தை அவர்களா பொறுக்குவார்கள்? சுற்றிலும் கம்பி வலை போட்ட ஒரு சின்ன வண்டி இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு மைதானத்தில் சுற்றினால் வண்டியே பந்தை வாரி எடுத்துக்கொள்ளும். அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் நம்ம ஆள். அவன் உள்ளே போனதும் அடிக்கிறவர்களுக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும். கொடியை விட்டுவிட்டு வண்டியைக் குறி பார்ப்பார்கள். தலைக்குப் பக்கத்தில் டங்கென்று விழும். அவன் தலையைக்கூடத் திருப்ப மாட்டான்.

மைதானம் மூடிய பிறகு, யாரோ வளைத்துப் போட்ட, உடைத்துப் போட்ட பந்தடிக்கும் குச்சிகளை ஒட்டிச் சீர்செய்து அடித்துப் பழகினான். அவன் பையில் இருக்கும் குச்சிகளில் ஒன்றுக்கொன்று சொந்தமே கிடையாது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்றுக்குக் கைப்பிடியாக சைக்கிள் டியூப். ஆனால் அடித்தால் பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். பார்த்துப் பார்த்து கிளப் ஆட்களே டெஸ்ட் எழுதச் சொன்னார்கள். எழுதுகிற டெஸ்ட் இல்லை, ஆடுகிற டெஸ்ட். ஒரே நாளில் இரண்டு சுற்று. மொத்தத்தில் இத்தனை அடிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. முடித்தால் கார்டு கொடுப்பார்கள், அப்புறம் அவன் தொழில்முறை ஆட்டக்காரன். முடிக்காவிட்டால் கட்டியது போனதுதான். அவன் கூண்டுக்குள் போவான், நான் மண்வெட்டிக்குப் போவேன்.

"மாமா, மெஷின் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமா அக்காவேதான்," என்று அவன் வந்து நின்றான்.

"பரவால்ல மாப்ள. பாஸ் பண்ணிடு. இல்லாட்டி உன்னையே சுத்த விட்டு கலவை போட்டுடுவேன்."

டெஸ்ட் அன்று காலை எங்களுக்கு ஜோடியாக வந்தவன் டைல்ஸ் கடை முதலாளியின் மகன். அந்தக் கடையில்தான் நான் மேஸ்திரியாகப் போய் டைல்ஸ் எடுப்பேன். முதலாளிக்கு என்னைத் தெரியும். ஆனால் தொப்பியில் தெரியவில்லை.

டைல்ஸ் தம்பி தனியாக வரவில்லை. ஒரு வெளிநாட்டுக் கோச். மனசைச் சரி செய்ய ஒரு டாக்டர். பை தூக்க ஒருத்தன், குடை பிடிக்க ஒருத்தன். முதலாளி பேட்டரி வண்டியில் பக்கத்து சீட்டில், மடியில் பிஸ்கட் டப்பாவோடு. மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு பேர் வர மாட்டார்கள். எங்கள் பக்கம் நான் மட்டும். பையை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் சிமெண்ட் மூட்டை மாதிரி பிடரியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, தோள்ல மாட்டுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"இப்படித்தான்டா பாரம் தெரியாது."

"குச்சியெல்லாம் தலைகீழா கொட்டுது மாமா!"

முதல் குழி. டைல்ஸ் தம்பி அடித்தது ரொம்ப அழகாகப் போய் மரத்துக்குள் விழுந்தது. கோச் கை தட்டினார். கூண்டு நேராக அடித்தான். அவனுடைய அடுத்த அடி குழியில் நட்டிருந்த கொடிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை கிளப்புக்கு லீவு. அன்றைக்கு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம். ஆனால் கிரீன் மேல் மட்டும் கால் படக்கூடாது. கிரீன் என்பது கொடியைச் சுற்றி வழித்தெடுத்த தாடை மாதிரி இருக்கும் புல்தரை. அதைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளும் ஒரு புல் சூப்பர்வைசர் இருக்கிறார். ஒரு தடம் தெரிந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வேலைக்காரர்கள் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் போடுவதே கிடையாது. யார் பந்து கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவன் ஜெயித்தான். பிறகு ஓரத்தில் நின்றபடியே, மணல் பள்ளத்தை நிரவும் நீளக் கைப்பிடி வாரியை விட்டுப் பந்தை இழுத்துக்கொள்வார்கள். எட்டாவிட்டால் இரண்டு வாரியைச் சேர்த்துக் கட்டுவார்கள். கூண்டு ஆறு வருஷம் ஆடியது இந்த ஆட்டம்தான்.

டெஸ்ட் அன்று அந்த முதல் குழியின் கொடி கிரீனின் ஓரமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் புல் சூப்பர்வைசர் தண்ணீர்க் குழாயோடு நின்று முறைத்துக்கொண்டிருந்தார். கூண்டு விளிம்பில் வந்து நின்றான். அவரைப் பார்த்தான். குனிந்து பள்ளத்தில் கிடந்த வாரியை எடுத்து, எட்டிப் பந்தை இழுத்து, சட்டையில் துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த குழியைப் பார்த்து நடந்தான். நானும் பின்னாலேயே நடந்தேன். எனக்கென்ன தெரியும்?

"ஹலோ! தம்பி! எங்க போறீங்க?" டெஸ்ட் அதிகாரி ஓடி வந்தார்.

"முடிஞ்சுது சார்."

"என்னய்யா முடிஞ்சுது? பந்து குழிக்குள்ள போகவே இல்லையே."

"பக்கத்துல நின்னுச்சே சார்…" சொல்லும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. விதியெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கைக்குத்தான் தெரியவில்லை.

டைல்ஸ் தம்பி சிரிக்கவில்லை. "அண்ணா, உள்ள போடணும்ணா," என்றான் பாவமாக.

எடுத்ததற்கு ஓர் அடி தண்டனை என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. எடுத்த இடத்திலேயே பந்தை வைக்கச் சொன்னார். இப்போது கிரீன் மேல் ஏறியாக வேண்டும். கூண்டு புது ஷூவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

புல் சூப்பர்வைசர் குழாயைக் கீழே போட்டார். "டேய்! ஷூவ போடுறா! உன் வெறுங்கால் ஷூவ விட மோசம்டா!"

"ஏறட்டுமா அண்ணே?"

"ஏறித் தொல. இன்னிக்கு ஒரு நாள்தான்."

பூனை மாதிரி நடந்து போய்த் தட்டினான். உள்ளே விழுந்தது. எங்கள் வீட்டு நடையில் சிமெண்டுத் தரையில் உருட்டிப் பழகினவன் அவன். அந்தத் தரை நான் போட்டது. அதனால் எனக்கு ஒரு திமிர் வந்தது. அடுத்த கிரீனில் நானே குனிந்து பார்த்தேன்.

"மாப்ள, தரை இடப்பக்கம் வாட்டம், அந்தப் பக்கம்தான் சரியுது. வலது பக்கமா தட்டு. நாளெல்லாம் வாட்டம் பாக்குறவன் சொல்றேன்."

நம்பித் தட்டினான். பந்து நான் சொன்னதற்கு நேர் எதிராக ஓடி, இன்னும் கொஞ்சம் ஓடி, கிரீனை விட்டே இறங்கியது.

"மாமா."

"என்னடா?"

"இனிமே வாயத் திறக்காதீங்க. அக்கா மேல ஆணை."

பையில் இருந்த துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அதுதான் என் வேலை.

டைல்ஸ் தம்பி கெட்ட பிள்ளை இல்லை. நடக்கும்போது தானாகவே பேசிக்கொண்டு வந்தான். இது அவனுக்கு ஐந்தாவது டெஸ்ட். "பெயில் ஆனா அப்பா அடுத்த மாசத்துக்குக் கட்டிடுவார்ணா. அது தெரியறதாலதான் எனக்கு வேகமே வரலையாம். மனசு டாக்டர் சொன்னார். அதுக்குத் தனியா ஃபீஸ் வாங்கினார். நீங்க எப்படிண்ணா இவ்ளோ அமைதியா ஆடறீங்க?"

"அமைதி இல்ல தம்பி, பயம். அக்காகிட்ட போய் என்ன சொல்றதுன்னு."

"உங்களுக்கு மனசு டாக்டர் கிடையாதா?"

"இருக்கார்." கூண்டு என்னைக் காட்டினான். "ஆனா துண்டைக் கடிச்சிட்டிருக்கார்."

மதியம் பேட்டரி வண்டியில் மேஜை விரித்து அவர்கள் சாப்பிட்டார்கள். எடை பார்த்துக் கட்டிய சாப்பாடு, எதை முதலில் வாயில் போடுவது என்பதற்கு ஒரு சீட்டு. நாங்கள் பந்து வண்டி ஷெட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தண்ணீரோடு உள்ளே தள்ளினோம். முதலாளி வண்டியிலிருந்தே என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யோவ் மேஸ்திரி! நீயா? இங்க என்ன வேலை, தரை போடறாங்களா?"

"மச்சினன் டெஸ்ட் ஆடறான் முதலாளி."

"காசு?"

"மெஷினை வித்தாச்சு."

பிஸ்கட்டை வாய்க்குப் பாதியில் நிறுத்தினார். "இந்த ஆட்டத்துக்கு எதையும் விக்கக்கூடாதுய்யா. எதையும் விக்காம சமாளிக்கறவனாலதான் இதுல நிக்க முடியும்." பிறகு பிஸ்கட் உள்ளே போனது.

அவர் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பையன் அடிப்பதையும் பார்த்தேன், என் மச்சினன் அடிப்பதையும் பார்த்தேன். பணம் பந்தை ஒரு சாண்கூடத் தள்ளிவிடவில்லை. ஆனால் டைல்ஸ் தம்பி தப்பாக அடித்தால் தலையைச் சொறிந்தான். கூண்டு தப்பாக அடித்தால் என் இடுப்பு வலித்தது. காசு இருக்கிறவன் வாங்குவது ஆட்டத்தை இல்லை, தப்பு செய்யும் உரிமையை. அதுக்குத்தான் விலை.

கடைசிக் குழிக்கு வரும்போது அதிகாரி கணக்கைச் சொன்னார். டைல்ஸ் தம்பி மூன்றே அடியில் முடித்தால் பாஸ். கூண்டுக்கு ஐந்து வரை இடம் இருக்கிறது. ஆறாவது அடித்தால் எல்லாம் போச்சு. நடுவில் ஒரு குளம்.

டைல்ஸ் தம்பியின் முதல் அடி நன்றாகவே போனது. இரண்டாவதில் குளத்தைத் தாண்ட வேண்டும். கோச் ஏதோ சொன்னார், மனசு டாக்டர் கண்ணை மூடச் சொன்னார், முதலாளி "அடி ராஜா!" என்று கத்தினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடித்தான். தண்ணீரில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. இருந்தாலும் இன்னொரு பந்தை வாங்கி அடித்தான். அதுவும் தண்ணீர். இன்னொன்று கேட்டான். பையில் நிறைய இருந்தது.

கூண்டின் முதல் அடியும் அதே இடத்தில்தான் விழுந்திருந்தது. அவன் அங்கே நின்று குளத்தைப் பார்த்தான். ஒரே அடியில் தாண்டக்கூடியவன்தான். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவன் பையிலிருந்து இருப்பதிலேயே குட்டைக் குச்சியை உருவி, குளத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிற மாதிரி ஒரு சின்ன அடி அடித்தான். கூட்டத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். மூன்றாவது அடி குளத்தைத் தாண்டி கிரீனில் விழுந்தது. ஆனால் கொடிக்கு வெகுதூரம். நான்காவது தட்டில் உருண்டு உருண்டு வந்து ஒரு முழம் தள்ளி நின்றது.

ஒரு முழம். எங்கள் வீட்டு நடையில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். இப்போது குனிந்தான், நிமிர்ந்தான், கையை பேண்டில் துடைத்தான், மறுபடி குனிந்தான். நான் துண்டைக் கடித்த கடியில் நூல் பிரிந்தது. தட்டினான். பந்து குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. பாதிச் சுற்று வந்தது. நின்று யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் உள்ளே போனது.

நான் கத்தினேன் என்று சொன்னார்கள். வாயில் துண்டு இருந்ததால் ஏதோ மாடு என்று நினைத்தார்களாம்.

புல் சூப்பர்வைசர் வந்தார். "நல்லா ஆடினடா. இப்ப கீழ இறங்கு."

என் பொண்டாட்டி கிளப்பிலேயே துண்டு துவைக்கும் இடத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். தம்பியைக் கட்டிப்பிடிக்கவில்லை. நேராக அதிகாரியின் மேஜைக்குப் போனாள். அவர் கார்டோடு கூடவே ஒரு கத்தைத் தாளையும் நீட்டினார். வருஷச் சந்தா. ஒவ்வொரு போட்டிக்கும் தனியாகக் கட்டணம். ஊர் ஊராகப் போகும் செலவு, தங்கும் செலவு, எல்லாம் ஆட்டக்காரனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஜெயிச்சா காசு வருமா சார்?" என்றாள்.

"முதல் அம்பது பேருக்குள்ள வந்தா வரும்மா."

"வராட்டி?"

"அனுபவம் கிடைக்கும்."

"அனுபவம் வைக்க எங்க வீட்ல இடமே இல்ல சார். ஏற்கெனவே நிறைய கிடக்கு. இந்தக் கார்டை வச்சு வேற என்ன பண்ணலாம்?"

"சொல்லிக்கொடுக்கலாம். இனிமே சட்டப்படி காசு வாங்கலாம்."

அதைக் கேட்டதும் அவள் கண் ஒரு மாதிரி ஆனது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். மெஷினையும் இந்தக் கண்ணால்தான் பார்த்திருப்பாள்.

டைல்ஸ் முதலாளி வண்டியை எங்கள் பக்கம் திருப்பச் சொல்லி வந்தார். பையன் பெயிலானதற்கு அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "மேஸ்திரி, உன் மச்சினன் ஜெயிச்சுட்டான், பாவம்யா நீ. பெயிலானா மாசம் ஒரு கட்டணம்தான். பாஸ் ஆனா வருஷம் பூரா போட்டிக்குப் போட்டி, ஊருக்கு ஊர் கட்டணும். என் பையன் பெயிலாகறவரைக்கும்தான் எனக்கு லாபம், கடையையும் பாத்துப்பான்."

"அப்பா!" என்றான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையன்.

"உனக்குத்தான் சொல்றேன், உண்மை எப்பவும் கசக்கும். ஓட்டு."

ஓட்டினான். கிளப் வாசலுக்கு ஏறுகிற மேட்டில் பாதிகூடப் போகவில்லை, வண்டி முனகிவிட்டு நின்றது. பேட்டரி காலி. கோச்சும் மனசு டாக்டரும் பை தூக்குகிறவனும் நேரம் முடிந்தது என்று எப்போதோ கிளம்பிவிட்டார்கள். முதலாளிக்கு முட்டி சரியில்லை, இறங்க மாட்டார். குடைக்காரன், குடையை யார் பிடிப்பது என்று கேட்டான். கூண்டும் நானும் பின்னால் போய்த் தள்ளினோம். டைல்ஸ் தம்பியும் இறங்கி எங்களோடு சேர்ந்துகொண்டான்.

என் பொண்டாட்டி வண்டிக்குப் பக்கத்தில் நடந்தாள்.

"முதலாளி, உங்க பையனுக்கு என் தம்பி சொல்லிக்குடுப்பான். குளத்துக்கு முன்னாடி நிறுத்துறது எப்படின்னு."

"எனக்கு வெளிநாட்டுக் கோச் இருக்காரும்மா."

"அவருக்குக் குடுக்குறதுல பாதி குடுங்க."

"பாதியா! நம்ம மேஸ்திரி வீட்டு ஆளு, சும்மா ஏதோ பாத்து வாங்கிக்குவீங்கன்னு பாத்தா…"

"வெளிநாட்டுக்காரர்கிட்ட இப்படிப் பேரம் பேசினீங்களா?"

"அவர்கிட்ட எப்படிம்மா பேசறது? அவருக்கு நம்ம பாஷை தெரியாதே. சரி, கால்வாசி."

"கையெடுங்க," என்றாள் எங்களைப் பார்த்து.

நாங்கள் கையை எடுத்தோம். டைல்ஸ் தம்பியும் எடுத்தான், அவன்தான் முதலில். வண்டி மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. கீழே குளம். பிரேக் எந்தப் பக்கம் என்று முதலாளிக்குத் தெரியாது, அவர் எப்போதும் பக்கத்து சீட்.

"ஏய் ஏய்! பிடிங்கப்பா! பிஸ்கட் டப்பா! மூணுல ஒரு பங்கு!"

பிடித்தோம். தள்ளினோம். நாலு எட்டு ஏறியதும் அவருக்கு மறுபடி தைரியம் வந்தது. "வாரத்துக்கு ஒரு நாள்தான், தெரியுதா?"

"கையெடுங்க."

"சரிம்மா, சரி! பாதி! வாரம் மூணு நாள்! பிடிங்கய்யா முதல்ல!"

"அப்பா, நாலு நாள் சொல்லுங்கப்பா," என்றான் பையன் மூச்சு வாங்கிக்கொண்டே.

"நீ யார் பக்கம்டா?"

கூண்டு தோளை வண்டியில் கொடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் பாக்கெட்டில் கார்டின் முனை எட்டிப் பார்த்தது.

"முன்பணம்?" என்றாள் என் பொண்டாட்டி.

மேடு இன்னும் பாதி இருந்தது.